தோவாளைப் பூச்சந்தைக் கணக்கை கிளவுடில் ஏற்ற எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ்?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோவாளை பூச்சந்தையில் அவருடைய சித்தப்பாவுக்கு கமிஷன் கடை. அதையும் பக்கத்துக் கடைகளையும் சேர்த்து 12 கடைகளுக்கு ஒரு வெப் ஆப் எழுத வேண்டும். விவசாயி பூவை இறக்கி எடை போட்டதும் பில் அவர் போனில் வர வேண்டும், அன்றைய விலை தெரிய வேண்டும், முன்பணமும் கமிஷனும் கழித்து மாதக் கணக்கு நிற்க வேண்டும். தம்பிக்கு பைத்தான் நன்றாகத் தெரியும். நண்பர்களில் ஒருவர் நோட்.ஜேஎஸ்ஸும் (ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் நிரல் எழுதும் கருவி) மாங்கோடிபியும் (விவரத்தை ஆவணம் ஆவணமாக வைக்கும் டேட்டாபேஸ்) என்கிறார், இன்னொருவர் சர்வர்லெஸ் (சர்வரை நாம் வைக்காமல், கூப்பிடும்போது மட்டும் கிளவுடில் ஓடும் ஃபங்க்‌ஷன் என்ற சிறு நிரல்கள்) என்கிறார், மூன்றாமவர் குபர்னெட்டிஸ் (ஆப்பைப் பல சர்வர்களில் பகிர்ந்து ஓட்டும் கருவி) இல்லாமல் தொடங்கவே கூடாது என்கிறார். கையில் மாதம் 2,000 ரூபாய். எதை எடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். மும்பையிலோ பெங்களூருவிலோ 2 ஜிபி மெமரி உள்ள ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அதில் டேட்டாபேஸாக போஸ்ட்கிரஸ், ஆப் எழுத பைத்தானின் ஜாங்கோ பிரேம்வொர்க், முன்னால் நின்று வருகிற கோரிக்கைகளை ஆப்புக்கு அனுப்ப என்ஜின்எக்ஸ். பேக்கப் மட்டும் வேறொரு கம்பெனியின் சேமிப்பில். 12 கடைக்கு இது தாராளம், 50 கடை ஆனாலும் தாங்கும்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இந்த மாவட்டத்துக் கடைகளுக்கும் சேகரிப்பு நிலையங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அதில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட ஒன்று, டேட்டாபேஸை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது. மொழியை மாற்றலாம், பிரேம்வொர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம், சர்வரை ஒரு ராத்திரியில் வேறு ஊருக்கு மாற்றலாம். ஆனால் ஐந்து வருடக் கணக்கு ஒரு டேட்டாபேஸில் உட்கார்ந்துவிட்டால் அதைக் கிளப்புவது வீட்டை அஸ்திவாரத்தோடு நகர்த்துகிற வேலை. அதனால் எந்த மொழி, எந்த கிளவுட் என்பதெல்லாம் இரண்டாவது பேச்சு.

சுமையை ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குபர்னெட்டிஸ் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 12 கடை, கடைக்கு நாளைக்கு 80 பில் என்று வையுங்கள். 960 பில். எல்லாம் விடியற்காலை 4 மணியிலிருந்து 7 மணிக்குள், அதாவது 10,800 நொடிக்குள். 11 நொடிக்கு ஒரு பில். ஓணத்தை ஒட்டி அத்தப்பூக்களத்துக்காக கேரளத்துக்குப் பூ போகிற நாட்களில் மூன்று மடங்கு என்றாலும் 4 நொடிக்கு ஒன்றுதான். விலை பார்க்க போனைத் திறக்கிறவர்கள் நொடிக்கு ஐந்தாறு பேர் என்று வைத்தாலும், ஒரு சின்ன சர்வரில் போஸ்ட்கிரஸ் இதைப்போல் பல மடங்கை மூச்சு வாங்காமல் செய்யும். அளவும் அப்படித்தான். ஒரு பில்லுக்கு ஐந்து வரி, வரிக்கு 200 பைட் என்றால் நாளைக்கு 1 எம்பி. இண்டெக்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். பத்து வருடக் கணக்கு உங்கள் போனில் இருக்கும் கல்யாண வீடியோக்களை விடச் சின்னது. உங்கள் கஷ்டம் கூட்டத்தில் இல்லை, கணக்கு சரியாக நிற்பதில் இருக்கிறது.

அந்தச் சரியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

ஒரு விவசாயிக்கு முன்பண பாக்கி 5,000 ரூபாய் என்று வையுங்கள். விடியற்காலை கடையில் இருக்கும் பையன் இன்றைய பூவில் 800 ரூபாயைப் பாக்கியில் கழிக்கிறான். அதே நேரம் வீட்டிலிருந்து சித்தப்பா அதே விவசாயிக்கு மகள் ஸ்கூல் பீஸுக்காகக் கொடுத்த 2,000 ரூபாயைப் போனில் பதிகிறார். இரண்டு போனும் பாக்கி 5,000 என்று படிக்கின்றன. ஒன்று 4,200 என்று எழுதுகிறது, அடுத்த கணம் மற்றது 7,000 என்று அதன்மேல் எழுதிவிடுகிறது. சரியான தொகை 6,200. விவசாயி கழித்த 800 ரூபாய் போன இடம் தெரியாது. எந்த எரர் செய்தியும் வராது. மாதக் கடைசியில் அவர் வந்து நிற்கும்போதுதான் தெரியும், அப்போது யார் சொல்வது சரி என்று நிரூபிக்க யாரிடமும் எதுவும் இருக்காது.

இதற்கு மருந்து நம் பழைய பேரேட்டிலேயே இருக்கிறது. பேரேட்டில் யாரும் ரப்பர் வைத்து அழித்து எழுத மாட்டார்கள். தப்பாக எழுதினால் கீழே ஒரு திருத்த வரி எழுதுவார்கள். டேட்டாபேஸிலும் அப்படியே செய்யுங்கள். பாக்கி என்று ஒரு எண்ணை வைத்து அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பற்று ஒரு வரி, வரவு ஒரு வரி, திருத்தம் ஒரு வரி. பாக்கி என்பது அந்த வரிகளின் கூட்டல். பில்லும் அதன் பூ வரிகளும் பேரேட்டு வரியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போக வேண்டும்: எல்லாம் பதியும், இல்லையென்றால் எதுவும் பதியாது. பாதி பில் என்ற ஒன்று இருக்கக் கூடாது.

இதற்காகவே பிறந்தது, விவரத்தை ஒன்றோடொன்று இணைந்த டேபிள்களில் வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ். போஸ்ட்கிரஸ் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது, போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற முழுப் பெயர் 1996இல் வைத்தது. விதியை டேபிளில் எழுதி வைத்துவிட்டால், இல்லாத விவசாயியின் எண்ணுக்கு பில் போட அது விடாது, எடை 0 என்றால் விடாது, ஒரு மூட்டைக்கு 200 கிலோவுக்கு மேல் இருக்க முடியாது என்று நீங்கள் சொல்லி வைத்தால் 12.5க்கு பதில் தூக்கக் கலக்கத்தில் 1250 என்று அடிப்பவரையும் விடாது. இந்தக் காவலை ஆப்பில் மட்டும் வைத்தால் போதாது. நாளைக்கு நீங்களே அவசரத்தில் நேரடியாக டேபிளில் கை வைப்பீர்கள், அப்போது காவல் இருக்க வேண்டியது டேட்டாபேஸில்.

மாங்கோடிபி மோசம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் வந்தது, 2018இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து பல ஆவணங்களைச் சேர்த்து ஒரே டிரான்சாக்‌ஷன் செய்யவும் அதில் வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி விவரம் இருக்கும் பெரிய கேட்டலாக் போன்ற வேலைக்கு நன்றாகவே பொருந்தும். நண்பர் ஒருவேளை இதை நினைத்துச் சொல்லியிருக்கலாம்: மல்லியும் பிச்சியும் கிலோவில், தாமரை எண்ணிக்கையில், துளசி கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. ஆனால் அதற்கு டேபிளில் ‘அலகு’ என்று ஒரு பத்தி (column) போதும். அதற்கும் மேல் வகைவகையாக விவரம் வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸிலேயே 2014 கடைசியில் வந்த 9.4 பதிப்பிலிருந்து ஜேசான்பி என்று ஒரு பத்தி வகை உண்டு, அதில் போட்டுக்கொள்ளலாம். கட்டுப்பாடான பேரேடும் கட்டற்ற விவரமும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது, கட்டுப்பாட்டை நீங்களே எழுதிக் காக்க வேண்டிய இடத்தில் போய்க் கணக்கை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற டேட்டாபேஸ்கள் இரண்டும் இந்த வேலைக்கு ஆகும். உங்களுக்கு பிஎச்பி மொழியும் அதன் லாராவெல் பிரேம்வொர்க்கும் தெரிந்திருந்தால் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்த டேட்டாபேஸ்களில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் உள்ள பழைய எழுத்து வகை ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைதான் வாங்கும். தமிழ் எழுத்துகள் 3 பைட், அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். யாராவது குறிப்பில் ஒரு பூப் பொம்மையை ஒட்டினால் அது 4 பைட், உடனே எரர் வரும், அல்லது செட்டிங்கைப் பொறுத்து அந்த இடத்தோடு குறிப்பு அறுந்துவிடும். ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதைத்தான் எடுக்க வேண்டும். ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸையும் சின்னது என்று ஒதுக்க வேண்டாம். ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் அதுவே போதும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், பைசா பிசகாத தசம எண்ணுக்கு அதில் தனி வகையும் கிடையாது.

பைசா என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் சேகரிப்பு நிலையத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பாலின் எடை, அதில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம், கிலோ விலை, மூன்றையும் பெருக்க வேண்டும். 12.4 கிலோ பால், 34.5 சதவீதம், விலை 187.50 என்றால் 4.278 கிலோ உலர் ரப்பர், 802.125 ரூபாய். அரைப் பைசாவை எங்கே தள்ளுவது? பைத்தானின் டெசிமல் என்ற தசம எண் வகை தானாக விட்டால் இரட்டைப்படைப் பக்கம் தள்ளும், 802.12. போஸ்ட்கிரஸின் நியூமெரிக் என்ற எண் வகை மேலே தள்ளும், 802.13. கையில் கொடுத்த சீட்டை பைத்தான் கணக்குப் போட்டது, மாதப் பட்டியலை டேட்டாபேஸ் கணக்குப் போட்டது. ஒரு பெரியவர் மாதச் சீட்டுகளை எல்லாம் நூலில் கோத்துக்கொண்டு வந்து, தன் கூட்டல் பட்டியலோடு ஒத்துவரவில்லை என்று காட்டினார். வித்தியாசம் சில பைசாதான். ஆனால் சில பைசா ஏன் வந்தது என்று சொல்ல முடியாத கணக்கை ஒருவர் எப்படி நம்புவார்? அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து தொகையை ஒரே இடத்தில் கணக்கிட்டு, முழுமையாக்கி, அந்தத் தொகையையே பில் வரியில் பதிந்து வைக்கிறேன். மறுபடி எங்கேயும் பெருக்குவதில்லை. ஃப்ளோட் என்ற வகையைப் பணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால்கூட சரியாக 0.3 வராது.

அடுத்தது தேதி. பூச்சந்தைக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் உங்கள் வேலை நேரமே சிக்கலான நேரம். கிளவுட் சர்வர்கள் பொதுவாக உலக நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். விடியற்காலை 4:10க்குப் போட்ட பில் சர்வருக்கு முந்தின நாள் ராத்திரி 10:40. அதாவது 5:30க்கு முன்னால் போட்ட ஒவ்வொரு பில்லும் நேற்றைய கணக்கில் போய் விழும். குளச்சல் பக்கம் ஒரு மீன் ஏலக் கணக்கில் நான் இதைச் சரியாகக் கவனிக்காமல் விட்டிருந்தேன். காலையில் ஒரு அக்கா போனை நீட்டி, “பில்லு போட்டது இண்ணைக்கு, தேதி நேத்தையா?” என்று கேட்டார். அன்றைய மொத்தமும் நோட்டில் எழுதியிருந்ததும் ஒத்துப்போகவில்லை, விட்டுப்போனதெல்லாம் 5:30க்கு முந்தின பில்கள். நேரத்தை டைம் சோனோடு சேமிக்கும் வகையை எடுங்கள், ஜாங்கோவின் டைம் சோனை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று வையுங்கள். அதோடு நிற்காமல் ‘சந்தை நாள்’ என்று ஒரு தனித் தேதிப் பத்தி வையுங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கே பூ இறங்கினால் அது எந்த நாள் கணக்கு என்பதை கடிகாரம் சொல்லாது, கடைக்காரர்தான் சொல்வார்.

தமிழ்ப் பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கோமதி’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரு போனின் கீபோர்டில் பதிந்த கோமதியை இன்னொரு போனில் தேடினால் கிடைக்காது, கடைப் பையன் புதிதாக ஒரு கோமதியைச் சேர்த்துவிடுவான், அவருடைய பேரேடு இரண்டாக உடைந்துவிடும். உள்ளே வரும் எல்லா எழுத்தையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிப் பதியுங்கள். பைத்தானில் ஒரு வரி, போஸ்ட்கிரஸிலும் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ஒரு ஃபங்க்‌ஷன் உண்டு. பெயர்களை வரிசைப்படுத்த ஐசியூ (ICU) என்ற யூனிகோட் நிரல் தொகுப்பில் தமிழுக்கு உள்ள வரிசையைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் குறியீட்டு எண் வரிசையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன் நம்பரை விவசாயியின் அடையாளமாக வைக்க வேண்டாம். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும், போன் ஒன்றுதான் இருக்கும், அதுவும் வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் இருக்கும். தனியாக ஒரு விவசாயி எண் கொடுங்கள்.

பில்லை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பத் தோன்றும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான், அதைத் தாண்டினால் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்து ஒவ்வொன்றுக்கும் காசு. வியாபார எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான டிஎல்டி பதிவும், செய்தியின் மாதிரி வாசகத்துக்கு (டெம்ப்ளேட்) அனுமதியும் வேறு வாங்க வேண்டும். அதற்கு பதில் பில்லுக்கு ஒரு லிங்க் கொடுங்கள், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்.

சரி, இனி சர்வர் பக்கம். இதில் சொல்ல அவ்வளவு இல்லை. பைத்தான் தெரியும் என்பதால் ஜாங்கோ. 2005இல் வெளியானது, அமெரிக்காவில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் அவசர வேலைகளுக்காக எழுதப்பட்டது, அந்த அவசரத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்கும்: கடை, பூ வகை, விவசாயி இவற்றைச் சேர்க்கத் திருத்த அட்மின் திரை தானாக வந்துவிடும். லாகின், டிரான்சாக்‌ஷன், தசம எண், டைம் சோன் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. நோட்.ஜேஎஸ் நல்ல கருவிதான். ஆயிரக்கணக்கானோர் விடாமல் இணைப்பில் இருந்து ஏலத்தை நேரலையாகப் பார்க்க வேண்டுமென்றால் யோசிக்கலாம். உங்களுக்கு 30 நொடிக்கு ஒரு தடவை விலையைப் புதுப்பித்தால் போதும். தெரிந்த மொழியை விட்டுவிட்டுப் புது மொழியைக் கற்றுக்கொண்டே பணக்கணக்கு எழுதுவது மட்டும் வேண்டாம்.

சர்வர்லெஸ்ஸில் போஸ்ட்கிரஸை வைப்பவர்கள் முட்டும் இடம் ஒன்று உண்டு. போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு பிராசஸ் திறக்கும், தானாக விட்டால் 100 இணைப்புதான் எல்லை. விடியற்காலை 12 கடையும் விவசாயிகளும் ஒரே நேரத்தில் வரும்போது ஒவ்வொரு ஃபங்க்‌ஷனும் தனக்கென்று ஒரு இணைப்பு கேட்கும், இடமில்லை என்று கதவு அடைபடும். நடுவில் சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் உங்களுக்கு இல்லாத பிரச்சினையை வாங்கி வந்து தீர்ப்பது எதற்கு? கூகுளின் ஃபயர்ஸ்டோர் போன்ற கிளவுட் டேட்டாபேஸ்களில் படிப்பதற்கே காசு. 600 விவசாயிகள் ஆளுக்கு ஐந்து தடவை 20 பூ விலையைப் பார்த்தால் 60,000 படிப்பு. இலவசமாகக் கிடைப்பது நாளைக்கு 50,000. அங்கே எழுதிய கணக்கை வெளியே எடுத்து வருவதும் லேசில்லை. போஸ்ட்கிரஸ் எந்த கிளவுடுக்குப் போனாலும் அதே போஸ்ட்கிரஸ்.

சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நாகர்கோவிலிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர், போய்வர குறைந்தது 13 மில்லி நொடி. அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். அமேசான் 2016இலிருந்து மும்பையில் இருக்கிறது, டிஜிட்டல்ஓஷன் பெங்களூருவில், மைக்ரோசாஃப்டின் அஷூர் சென்னையில். எதையும் எடுக்கலாம். இதைவிட முக்கியம் ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே இடத்தில் இருப்பது. விவசாயியின் போனுக்கும் சர்வருக்கும் உள்ள தூரத்தை ஒரு பக்கத்துக்கு ஓரிரு தடவைதான் கடக்க வேண்டும். ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு கேள்விக்கும் கடக்க வேண்டும். ஆப் மும்பையிலும், இலவசமாகக் கிடைத்தது என்று டேட்டாபேஸ் அமெரிக்காவிலும் இருந்து, ஒரு பக்கத்துக்கு 30 கேள்வி, கேள்விக்கு 200 மில்லி நொடி என்றால் 6 நொடி. பையன் எடைத் தட்டுப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

செலவில், மாதம் இவ்வளவு என்று நிலையாகச் சொல்லும் திட்டத்தை எடுங்கள். 2 ஜிபி மெமரி உள்ள சர்வர் 10 முதல் 15 டாலருக்குள் கிடைக்கும், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒவ்வொன்றாக எண்ணி பில் போடும் கிளவுடில் சின்னச் சின்னதாகச் சேரும். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து சர்வரின் பொது இணைய முகவரிக்கே (ஐபிவி4) மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்கு மூன்றரை டாலருக்கு மேல் வந்துவிடும். விலை குறைந்த சில சர்வர் வகைகளில் சிபியூவுக்கு கிரெடிட் என்று ஒரு இருப்பு உண்டு, அது தீர்ந்தால் வேகம் இறங்கிவிடும், அல்லது கூடுதலாகக் காசு பிடிக்கும். எந்த கிளவுட் ஆனாலும் பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே வைத்துவிடுங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்ததிலிருந்து, கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு முறையான அனுமதிப் பதிவு வேண்டும். பணம் போகவில்லை என்ற மெயிலை யாரும் பார்க்காமல் விட்டு சர்வர் நின்றுபோகக் கூடாது. அந்த மெயில் சித்தப்பா கடை வாட்ஸ்அப்புக்கும் தெரியும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். போஸ்ட்கிரஸின் வாசலான 5432 போர்ட்டை வெளி உலகத்துக்குத் திறக்காதீர்கள். 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி சர்வர்களை ஆயிரக்கணக்கில் துடைத்துவிட்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று செய்தி வைத்தார்கள். அது மாங்கோவின் குற்றம் என்று சொல்வதைவிடத் திறந்து வைத்ததன் விளைவு என்பேன், போஸ்ட்கிரஸையும் திறந்து வைத்தால் அதேதான் நடக்கும்.

இப்போது பேக்கப். பேக்கப் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பது வேறு, இருப்பது வேறு. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்துவிட்டார். பல வகையில் பேக்கப் ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் பார்த்தால் டேட்டாபேஸ் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் ஒத்துப்போகாமல் தினசரி பேக்கப் எடுபடவே இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு நகலிலிருந்துதான் மீண்டார்கள். அவர்கள் அதை மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டதால்தான் நமக்குத் தெரிகிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

உங்களுக்கான ஏற்பாடு சந்தை நேரத்தை ஒட்டி இருக்கட்டும். பலர் ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுக்க வைப்பார்கள், ஆபீஸ் வேலைக்கு அது சரி. பூச்சந்தையில் காலை 7 மணிக்கு டிஸ்க் போனால் அன்றைய மொத்த பில்லும் போய்விடும். காலை 8 மணிக்கு, கூட்டம் ஓய்ந்ததும், முழு பேக்கப் எடுங்கள். போஸ்ட்கிரஸின் ‘வால்’ (WAL) பதிவுகளை நாள் முழுவதும் இடைவெளி விடாமல், 4 மணியிலிருந்து 7 மணி வரை சில நிமிடத்துக்கு ஒருமுறையாவது, வெளியே அனுப்பிக்கொண்டே இருங்கள். டேட்டாபேஸ் தனக்குள் எழுதும் தினசரிச் சிட்டை அது, அதை வைத்து எந்த நிமிடத்துக்கும் கணக்கைத் திருப்பிக் கொண்டுவரலாம். மாதம் முதல் தேதி, பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது ஐந்து விவசாயிகளின் பாக்கியை எடுத்து, கடை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால்தான் அது பேக்கப். இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லை என்று தோன்றினால், கடைகள் மாதக் கட்டணம் கொடுக்க ஆரம்பித்ததும் கிளவுட்காரர்களே பராமரிக்கும் போஸ்ட்கிரஸுக்கு மாறிவிடுங்கள். செலவு கூடும், கவலை குறையும், கணக்கை அங்கே ஏற்றிவிட்டு நிரலில் ஒரு முகவரியை மாற்றினால் போதும்.

கடைசியாக, நம் மாவட்டத்துக்காரர் யாரும் மறக்கக் கூடாத ஒன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இங்கே பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. சர்வர் மும்பையில் பத்திரமாக இருக்கும், உங்களால்தான் அதைத் தொட முடியாது. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், சாதாரண மழைக்கே சிக்னல் போகும். அதனால் நெட் இல்லாவிட்டாலும் பில்லைப் போனிலேயே வைத்துக்கொண்டு, வந்ததும் அனுப்பும்படி எழுதுங்கள். பில் எண்ணை சர்வர் கொடுக்கட்டும் என்று விடாமல், போனே மறுபடி வராத ஒரு அடையாளத்தை உண்டாக்கி பில்லோடு அனுப்ப வேண்டும். யூயூஐடி என்பது அதற்குத்தான். சிக்னல் அரைகுறையாக இருக்கும்போது பையன் ‘சேமி’ என்பதை மூன்று தடவை அழுத்துவான். அடையாளம் ஒன்றாக இருந்தால் டேட்டாபேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடும். இல்லையென்றால் ஒரு கூடை மல்லிக்கு மூன்று பில். காகிதச் சிட்டையையும் ஒரு வருடமாவது நிறுத்த வேண்டாம்.

சர்வரை இன்றைக்கே எடுக்க வேண்டாம், தம்பி. சித்தப்பாவிடம் போன வாரச் சிட்டை முழுவதையும் வாங்கி, உங்கள் லேப்டாப்பில் போஸ்ட்கிரஸைப் போட்டு, டேபிள்களை அமைத்து, ஏழு நாள் பில்லையும் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். ‘பாதி வாடல், விலை குறைத்தது’, ‘மூன்று கிலோ திரும்பியது’, ‘அண்ணன் கணக்கில் எழுது’ என்று ஓரத்தில் கிறுக்கியிருப்பார். அவை எந்தப் பத்தியிலும் உட்காரவில்லை என்றால் டேபிளை மாற்றுங்கள். ஏழாம் நாள் பாக்கியும் நோட்டில் உள்ள பாக்கியும் ஒத்துவரும்போது சர்வர் எடுக்கலாம்.